‘டிஸ்ட்ரிக்ட்’: நகர் கட்டும் ஆட்டத்துக்கு ஒரு சொல் தேவை (வெள்ளிக்குள்)

செ.மு. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி நூலகம் ஒன்றுக்காக ‘சிட்டடெல்ஸ்’ என்ற சீட்டாட்டத்தின் விதித்தாளைத் தமிழாக்குகிறோம். பிரான்சைச் சேர்ந்த புருனோ ஃபைதுத்தி வடிவமைத்து 2000இல் வெளிவந்த ஆட்டம். ஆளுக்கொரு இடைக்கால ஐரோப்பிய நகரத்தைக் கட்ட வேண்டும். முறை வந்ததும் 2 பொன் எடுக்கலாம். இல்லையேல் 2 சீட்டு எடுத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிறகு கையிலுள்ள ஒரு ‘டிஸ்ட்ரிக்ட்’டை (நகரின் ஓர் இடத்தைக் குறிக்கும் சீட்டு) விலை கொடுத்துக் கட்டலாம். பழைய பதிப்பில் ஒருவர் 8 கட்டியதும் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும்.

இந்த டிஸ்ட்ரிக்ட்டுக்குத்தான் சொல் தேவை. அகராதியை நம்பி ‘மாவட்டம்’ என்று போட்டால் ‘மதுக்கடை மாவட்டம், விலை 1 பொன்’ என்று வருகிறது. ‘கட்டு’, ‘இடி’ என்ற வினைகளோடும் ‘சீட்டு’ என்ற சொல்லோடும் இயல்பாகச் சேர வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு விளக்கம் கேட்காமலே புரிய வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சு.

இரா.கோ.:

‘கட்டடம்’ போதும். மதுக்கடை, சிறை, அரண்மனை எல்லாம் கட்டடங்கள்தாமே. பிள்ளைகளுக்கு அகராதி தேட வேண்டியிருக்காது.

ப.வி.:

போதாது ஐயா. போர்க்களம் கட்டடமா? இடுகாடு? பெருமதில்? துறைமுகம்? இவை எல்லாமே இந்த ஆட்டத்தில் சீட்டுகள். இன்னொரு சிக்கல், ஆடுபவர்கள் சுற்றுதோறும் ஏற்கும் பாத்திரங்களில் ஏழாம் எண்ணான கட்டடக் கலைஞர். ‘கட்டடக் கலைஞர் 2 கட்டடச் சீட்டு கூடுதலாக எடுத்து, 3 கட்டடம் வரை கட்டலாம்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

செ.மு. அனுப்பிய வரைவில் ஓரிடத்தில் ‘கட்டிடம்’ என்று இருக்கிறது. ஒற்று + அடம் ஒற்றடம் ஆனதுபோல் கட்டு + அடம் கட்டடம். கட்டிடம் என்றால் கட்டுகிற இடம், அதாவது மனை. கட்டடம் ஒதுக்கப்பட்டாலும் இதைத் திருத்திவிடுங்கள்.

வே.ந.:

புழக்கத்தில் இரண்டும் ஒரே பொருளில் எழுதப்பட்டு வெகுகாலமாகிறது. ஆனால் அது நம் கேள்வி அல்ல.

பிரெஞ்சு மூலத்தில் இருப்பது ‘கார்த்தியே’. நான்கில் ஒரு பங்கு என்ற பொருளில் பிறந்து நகரின் ஒரு கூறு என்று விரிந்த சொல். நமக்கு இணையான சொல் சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டு கூறு, நடுவில் நாளங்காடி. கைவினைஞரும் கடல்வணிகரும் மருவூரில், அரச வீதியும் படையினர் இருக்கையும் பட்டினப்பாக்கத்தில். ஆட்டத்தின் நிறப்பிரிவும் இதுதான்: பச்சை வணிகம், மஞ்சள் அரசு, சிவப்பு படை, நீலம் சமயம். பகு, பக்கம், பாக்கம் என்று வேரும் தமிழே. ‘பாக்கம்’ என்று வையுங்கள்.

அது வேண்டாமென்றால் உத்தரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் (919, 921) ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்தது. ‘குடும்பு’ வெறும் நிலப்பிரிவு அல்ல. ஆளைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி.

ப.வி.:

நெய்தல் நிலத்து ஊர்களுக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர் படித்த பிள்ளைக்குப் பாக்கம் என்றால் கடலோர ஊர். குடும்பு என்றால் குடும்பம் என்பதன் அச்சுப்பிழை என்றே எண்ணுவார்கள். சேரி பொதுச்சொல்லாக இருந்தது உண்மை. இன்று அது யாரைச் சுட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் ‘சேரியை இடி’ என்று சொல்லி விளையாட நாம் விதி எழுதக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வே.ந.:

சேரியை நான் முன்மொழியவில்லை அம்மா, கல்வெட்டில் உள்ளதைச் சொன்னேன். உங்கள் மறுப்பு சரியே. ‘கூறு’ எப்படி?

அ.சு.:

ஆடுகிறவன் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். மகுடம் வைத்திருப்பவர் பாத்திரங்களின் பெயரை 1 முதல் 8 வரை வரிசையாகக் கூற வேண்டும். ‘பெயரைக் கூறு, கூறு கட்டு’ என்று விதித்தாளில் வந்தால் வினை எது, பெயர் எது என்று தடுமாற்றம். ‘பகுதி’யும் ஆகாது: ‘படைத்தலைவர் ஒரு பகுதியை அழிக்கலாம்’ என்றால் எதன் பகுதி?

என் வாக்கு ‘பேட்டை’க்கு. ஒரு தொழிலோ வணிகமோ சூழ்ந்த நகரப்பகுதி அது. நெசவாளரைக் குடியமர்த்த 1734இல் எழுந்த சிந்தாதிரிப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: ‘படைத்தலைவர் பேட்டையின் விலையில் 1 பொன் குறைத்துச் செலுத்தி அதை இடிக்கலாம். 5 பொன் பேட்டைக்கு 4 பொன். 1 பொன் மதுக்கடைக்குச் செலவே இல்லை. ஆயர் (பிஷப்) உயிரோடிருந்தால் அவருடைய பேட்டைகளைத் தொட முடியாது.’ தட்டவில்லை.

எந்தச் சொல்லானாலும் ‘கட்டிய’ என்ற அடை கட்டாயம். ‘8 பேட்டை உள்ளவர்’ என்று எழுதினால் கையிலிருப்பதையும் சேர்த்து எண்ணி ஆட்டத்தை முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். ‘நகரில் கட்டிய 8 பேட்டை’ என்றே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வரைவில் வேறு இருக்கிறது: இரண்டு சீட்டுக்குக் ‘கோட்டை’ என்ற ஒரே பெயர். ஒன்று மஞ்சள், விலை 4. அரசருக்கு வருமானம் தரும். மற்றது சிவப்பு, விலை 5, படைத்தலைவருக்கு. ஒரே பெயருள்ள பேட்டையை ஒரு நகரில் இருமுறை கட்டக் கூடாது என்பது விதி. பெயர் ஒன்றானால் கட்ட உரிமையுள்ளவரைத் தடுத்துவிடுவார்கள். ஊதாவோடு 5 நிறமும் சேர்த்தவருக்குரிய 3 புள்ளியும் போய்விடும். மஞ்சளைக் கோட்டை என்றும் சிவப்பைப் படையரண் என்றும் பிரியுங்கள். படைத்தலைவரால் இடிக்க முடியாத ஊதாச் சீட்டு உள்ளரண் ஆகட்டும்.

வே.ந.:

மதிலுக்கு எயில், இஞ்சி, புரிசை என்று இத்தனை சொல் இருக்க, அரணையே இருமுறை ஒட்டுவானேன்? ‘எயில்’ மூன்றே எழுத்தில் அழகான சொல்.

அ.சு.:

அழகுதான் ஐயா. ஆனால் பிள்ளை ‘எயில்’ என்றால் என்ன என்று கேட்கும் நேரத்தில் ஆட்டம் நிற்கும்.

யோ. (யாழ்ப்பாணம்):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே உள்ளூராட்சிப் பிரிவுக்கு ‘வட்டாரம்’ என்றே பெயர். தீவகத்தில் முதலாம் வட்டாரம், இரண்டாம் வட்டாரம் என்று எண்ணியே கதைப்பார்கள். எந்தப் பிள்ளைக்கும் உடனே விளங்கும்.

பேட்டையில் எனக்கொரு மறுப்பு உண்டு. கொழும்பில் ஆங்கிலேயர் ‘பெட்டா’ என்றது நம் பேட்டையைத்தான். அதே இடத்துக்குத் தமிழில் புறக்கோட்டை என்று பெயர். கோட்டைக்கு வெளியே இருப்பதுதான் பேட்டை. கோட்டையையும் அரண்மனையையும் பேட்டை வகைக்குள் அடக்குவது எப்படிப் பொருந்தும்?

இரா.கோ.:

தமிழ்நாட்டில் வட்டாரம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம்தான் நினைவுக்கு வரும். வட்டத்தைத் தாலுகாவாக்கி, மாவட்டத்தை அதற்கு மேல் வைத்து, அந்தச் சொற்குடும்பத்தையே அரசாணை எடுத்துக்கொண்டுவிட்டது. பேட்டைக்கு நானும் உடன்படுகிறேன். தாயத்தில் வெட்டுப்படாத கட்டத்தை மலை என்கிறோம், காய் கரையேறினால் பழம் என்கிறோம். ஆட்டத்துக்குள் வந்த சொல் ஆட்டத்தின் பொருளைப் பெற்றுவிடும்.

ப.வி.:

பேட்டை. ஒன்று மட்டும்: சீட்டு என்றால் பெற்றோர் சூதாட்டத்தை எண்ணுவார்கள் என்று ‘அட்டை’க்கு மாறிவிடாதீர்கள். ‘பேட்டையட்டை’ காதுக்கு ஆகாது. பேட்டைச்சீட்டு இருக்கட்டும்.

செ.மு.:

நன்றி. என் வாக்கையும் சேர்த்துப் பேட்டைக்கு நான்கு வாக்கு, பாக்கத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று. முதல் பத்தியில் ‘பேட்டை: நகரில் கட்டப்படும் ஒவ்வோர் இடமும்’ என்று விளக்கம் சேர்த்து அச்சுக்கு அனுப்புகிறேன். கோட்டை, படையரண், உள்ளரண் பிரித்தாயிற்று.

வே.ந.:

பாக்கத்தை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.

யோ.:

எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் நேரமில்லை என்பது விளங்குகிறது. மூலக்கோப்பை அனுப்புங்கோ, இங்குள்ள பிள்ளைகளுக்கு வட்டாரம் என்று மாற்றித் தனியே அச்சிடுகிறேன். தேடி மாற்றும் வசதியை மட்டும் நம்ப முடியாது: பேட்டையை என்பது வட்டாரத்தை, பேட்டைக்கு என்பது வட்டாரத்துக்கு. வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.