நியூஸ் வேன்ல இருந்து லைவ் படம் அனுப்புற ரேடியோ லிங்க் தூரம் போகலையா? உங்க அனுபவத்த கொட்டுங்க

மாஸ்ட்மாமா:
லாஸ் ஏஞ்சல்ஸ்ல நியூஸ் வேன்ல வேலை பாத்தப்போ நடந்தது. வேன்லாம் படம் அனுப்புற 2 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல பழைய 17 மெகாஹெர்ட்ஸ் சேனலெல்லாம் 12க்கு சுருங்கி டிஜிட்டலுக்கு மாறுன சமயம், அமெரிக்கா முழுக்க அது முடிய 2010 ஆயிடுச்சு. அனலாக்ல சிக்னல் கொறஞ்சா படத்துல கொசு மொய்க்கும், அப்படியே ஒப்பேத்திடலாம். டிஜிட்டல்ல படம் பளிச்சுன்னு இருக்கும், அடுத்த நொடி கட்டம் கட்டமா ஒடஞ்சு கருப்பு.

டவுன்டவுன்ல வண்டிய போட்டு மாஸ்ட்ட, அதான் ஆன்டெனாவ தூக்குற கம்பத்த, 40 அடி ஏத்தியாச்சு. ரிசீவர் மவுண்ட் வில்சன் மலை மேல, 1,700 மீட்டருக்கு மேல உசரம், நேர்கோட்டுல 25 கிலோமீட்டர்தான், ஆனா நடுவுல ஒரு கட்டடம் மலையவே மறைக்குது. நான் பெரிய புத்திசாலி மாதிரி பவர முழுசா ஏத்துனேன், இன்னும் மோசம்! சிஓஎஃப்டிஎம்ல, அதான் டேட்டாவ ஏகப்பட்ட குட்டி கேரியர்ல பிரிச்சு அனுப்புற டிஜிட்டல் முறைல, ஆம்ப்ளிஃபயர முட்ட முட்ட ஓட்டுனா அது தன் சேனலுக்குள்ளயே இரைச்சல கொட்டும். பவர எறக்கிட்டு, ஆன்டெனாவ திருப்பி எதிர்ல இருந்த கண்ணாடி பில்டிங் மேல அடிச்சேன், பட்டுத் தெறிச்சு மலைக்குப் போகட்டும்னு. ஃபோன்ல ஸ்டேஷன் ஆளு "இன்னும்... இன்னும்... ஐயோ தாண்டிட்ட, பின்னாடி வா"ன்னு கத்துறாரு, சிக்னல் லெவல் எட்டிப் பாக்குது ஆனா ரிசீவர் லாக் ஆகி படம் குடுக்க மாட்டேங்குது. அப்பதான் ஒறைச்சுது, நாம அனுப்புறது வட்ட போலரைசேஷன், அலை திருகு மாதிரி வலப்பக்கமா சுத்திக்கிட்டே போகும், ஒரு தடவ பட்டுத் திரும்புனா வலம் இடமாயிடும். மலைல ரிசீவ் ஆன்டெனாவ இடதுக்கு மாத்தச் சொன்னேன், டக்குனு லாக். லைவுக்கு 40 செகண்ட் பாக்கி.

டிபிதாசன்:
மாமா செம. என் கேஸ்ல நியூஸ் டெஸ்க்குக்கு ஹெச்டி வேணுமாம், 64 க்வாம்லயே (நெறைய டேட்டாவ அடைச்சு அனுப்புற முறை, நல்ல சிக்னல் வேணும்) நிக்கிறாங்க, லிங்க் கெடைக்கல. கியூபிஎஸ்கே (கொஞ்ச டேட்டா, ஆனா தாக்குப் பிடிக்கும்), பாதி எஃப்இசி (அனுப்புற பிட்டுல பாதி பிழை திருத்தத்துக்கே போயிடும்)ன்னு எறக்கினதும் வந்துச்சு. 64 க்வாம் மூணுல ரெண்டு எஃப்இசியோட (மூணுல ரெண்டு பங்கு டேட்டா) பாத்தா 13 டிபி மிச்சம், அதாவது சுமார் இருபதுல ஒரு பங்கு சிக்னலே போதும், தடையில்லாத பாதைன்னா நாலு மடங்கு தூரம். பிட்ரேட் கால்வாசியாயிடும், படம் கொஞ்சம் மொழுக்குன்னு இருக்கும், ஆனா கருப்புத் திரைய விட தேவலயே!

பீச்ரோடு:
நம்ம சென்னைல ஒரு கட்சிக் கூட்டம், வயர்லெஸ் கேமரா மேடைகிட்ட, வேன் 200 மீட்டர்தான். ஆன்டெனா வேன் கூரை மேல. கூட்டம் உக்காந்திருந்த வரைக்கும் நல்லா வந்துச்சு, தலைவர் வந்தார், எல்லாரும் எந்திரிச்சாங்க, லிங்க் செத்துச்சு. மனுச ஒடம்பு தண்ணி மூட்டை மாதிரிதானே. பக்கத்து ஜவுளிக்கடை மாடில கைப்பிடிச் சுவத்துல ஆன்டெனாவ கட்டுனோம், அப்புறம் அசையல. கடைக்காரர் டீ வேற குடுத்தார்.

மாஸ்ட்மாமா:
@பீச்ரோடு மாடி கெடச்சா அத விட்டுடாதீங்க தம்பி. மாஸ்ட் ஏத்துறதுக்கு முன்னாடி மட்டும் கரன்ட் கம்பி இருக்கான்னு வண்டிய விட்டு எறங்கி அண்ணாந்து பாத்துடுங்க, ராத்திரின்னா டார்ச் அடிச்சு.