34 வயசில உள்ளுக்கு நிக்கிற வேட்டைப்பல்: இழுக்கிறதோ, எடுக்கிறதோ?

வெள்ளவத்தைக்காரி:

இதை உண்மையாச் செய்த ஆக்கள் ஆராவது இருந்தாச் சொல்லுங்கோ. "நல்ல டொக்டரைப் பாருங்கோ" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, ரெண்டு பேரைப் பாத்திட்டன், அதுதான் பிரச்சினையே.

போன மாசம் போயா லீவில வீட்டில இருந்து முறுக்குக் கடிச்சனான். இடப்பக்கம் மேல ஒரு பல் ஆடின மாதிரி இருந்தது. முரசில ஏதோ எண்டு நினைச்சு, காலி வீதியில நாங்கள் வழமையாப் போற பல் டொக்டரிட்டைப் போனன். ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்துப் பாத்திட்டு, "தங்கச்சி, இது உங்கட பாற்பல்" எண்டார். எனக்கு 34 வயசு. நான் சிரிச்சிட்டன், அவர் சிரிக்கேல்லை. பிறகு முழு வாய் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அதில பாத்தா, வரவேண்டிய வேட்டைப்பல் (கூரான கோரைப்பல்) முன்பற்களின்ர வேருக்குப் பின்னால சரிஞ்சு படுத்திருக்குது. பஸ்ஸில சீட்டுக் கிடைச்சவுடன நித்திரை கொள்ளுற ஆள் மாதிரி. ரிப்போர்ட்டில பாற்பல்லுக்கு 63, புதைஞ்ச பல்லுக்கு 23 எண்டு போட்டிருக்கு.

கம்பி போடுற ஓதோ டொக்டர் சொல்லுறார்: மேலயும் கீழயும் கிளிப் போட்டு, இடம் எடுத்து, சின்ன ஒப்பரேசன் செய்து, சங்கிலி கட்டி இழுக்கலாம், ரெண்டு ரெண்டரை வருசம். பல் சத்திரசிகிச்சை செய்யிறவர் சொல்லுறார்: இந்த வயசில ஏன் மினக்கெடுறீங்கள், ரெண்டையும் எடுத்திட்டு இம்பிளான்ட் (எலும்பில நடுற செயற்கைப் பல்) வைக்கலாம். ரெண்டு பேரும் பொறுமையா விளங்கப்படுத்தினவை. ரெண்டு பேரும் உறுதியாத்தான் சொல்லுகினம். வீட்டுக்கு வந்தா அம்மா மூண்டாவது ஸ்பெஷலிஸ்ட்: "இவ்வளவு காலமும் அது தன்ர பாட்டுக்குத்தானே கிடந்தது, ஏன் எழுப்புறாய்?"

நான் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில. நாள் முழுக்க ஆக்களோட கதைக்கிற வேலை. எனக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான். இந்த வயசில பல் உண்மையிலேயே இறங்கி வருமோ? பாற்பல்லை உடன எடுக்க வேணுமோ? (ஒரு ஆள் "வாற கிழமையே எடுப்பம்" எண்டார்.) பக்கத்து முன்பல்லுக்கு ஏதும் நடக்குமோ?

கொட்டாஞ்சேனை அக்கா:

நான் செஞ்சேன் தங்கச்சி. ஆரம்பிக்கும்போது 36, முடியும்போது 39. எனக்கு வலப்பக்கம், 13ஆம் பல். அதுவும் உங்களுக்கு மாதிரி அண்ணத்துப் பக்கம்தான் கிடந்துச்சு.

மொத நாலு மாசம் அந்தப் பல்லப் பத்திப் பேச்சே இல்ல. கிளிப்பப் போட்டு, நடுவுல ஒரு சின்ன ஸ்பிரிங் வச்சு, பல் வந்து உக்கார இடம் எடுத்தாங்க. பொறவுதான் ஒப்பரேசன். ஒப்பரேசன்னு சொன்னதும் வார்டு, கட்டில்னு பயந்து வீட்ல சாமிக்கெல்லாம் நேந்துக்கிட்டாங்க. அதெல்லாம் இல்ல. பல் கதிரையிலேயே விறைப்பு ஊசி போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது. வலி இல்ல, ஆனா எலும்பச் சுரண்டுற சத்தம் மண்டைக்குள்ள கேக்கும். அத மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். அண்ணத்துல ஒரு ஜன்னல் மாதிரி வெட்டி, பல்லோட தலைல குட்டித் தகடு ஒட்டி, அதுல தங்கச் சங்கிலி. கழுத்துல போட வேண்டியத வாய்க்குள்ள போட்டு வந்திருக்கேன்னு ஆத்தா சொல்லிச்சு. ரெண்டு நாள் பனடோல், ஒரு கெழம உப்புத் தண்ணி, டொக்டர் குடுத்த மவுத்வொஷ். மூணாம் நாளே வேலைக்குப் போயிட்டேன். பேச்சு ஒரு பத்து நாள் கொழகொழன்னு இருந்துச்சு, 'ச' வந்தா தடுமாறும். நீங்க போன்ல பேசுற வேலைனா அந்தப் பத்து நாள லீவோட சேத்துப் பாத்துக்கங்க.

கஷ்டம் ஒப்பரேசன் இல்ல, அதுக்குப் பொறவு வர்ற மாசங்கதான். அஞ்சு கெழமைக்கு ஒருக்கா போவேன். சங்கிலில ஒரு கண்ணிய வெட்டிச் சுருக்குவாங்க, வருவேன். ஒண்ணும் நடக்காது. திரும்பப் போவேன். ஒண்ணும் நடக்காது. கண்ணாடி முன்னால டோர்ச் அடிச்சுப் பாத்துப் பாத்து வீட்ல எல்லாருக்கும் சிரிப்பு. ஆறாவது மாசம் ஒரு நாள் சோறு திங்கும்போது நாக்குல ஏதோ தட்டுச்சு. அரிசி நெல்லுன்னு நெனச்சுத் துப்பப் பாத்தேன், வரல. அதுதான் பல்லோட நுனி. அன்னைக்கி நான் அழுதத ஆஃபீஸ்ல யாருகிட்டயும் சொல்லல.

பாற்பல்லுக்கு வர்றேன். எனக்கு அத கடைசி வரைக்கும் எடுக்கல. பெரிய பல் பக்கத்துல வந்து நின்ன பொறவுதான் எடுத்தாங்க. அவசரப்படாதீங்க.

பக்கத்துப் பல்லோட வேர் கொஞ்சம் கட்டையாயிருச்சுன்னு கடைசி எக்ஸ்ரேல சொன்னாங்க. ஆடல, வலிக்கல. ஆனா நடந்துச்சு, மறைக்க வேணாம்னு எழுதுறேன்.

சாப்பாடு: இடியப்பமும் சொதியும் உங்க உசுரு. கொத்து ரொட்டி ஒதுக்கி வைங்க. கோல்ஃபேஸ் இறால் வடையில அந்தக் கோது இருக்கே, அது கம்பில மாட்டி ஒரு பிராக்கெட்டையே கழட்டிருச்சு, கடற்கரையிலயே.

அவசரக்காரன்:

இம்பிளான்ட் வச்சா கதை முடிஞ்சுது. ஒரு பல்லுக்காக ரெண்டரை வருசம் ஆர் இருக்கிறது?

தெஹிவளை நானா:

முடியாது தம்பி, கதை அங்கதான் தொடங்கும். நான் அந்தப் பக்கத்தாலயும் போய் வந்த ஆள்.

41 வயசுல எனக்கும் அக்கா சொன்ன இதே வேலதான் செஞ்சாங்க. வித்தியாசம் என்னண்டா, முதல் நாளே பாற்பல்லக் கழட்டிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். எட்டு மாசம் இழுத்தாங்க, அது அசையவே இல்ல. அசையாட்டிப் பரவால்ல, அத இழுக்கிறதுக்குப் பிடியா இருந்த மத்தப் பல்லுகள் மேல ஏறத் தொடங்கிட்டு. எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா, நோன்பு திறக்கக்குள்ள சமோசாவ முன்பல்லால கடிக்கிறேன், கடிபடுதில்ல. மேலுக்கும் கீழுக்கும் நடுவுல இடைவெளி. அடுத்த விசிட்டுல டொக்டர் பல்லத் தட்டிப் பாத்தார். மத்தப் பல்லுகள் 'டொக்கு டொக்கு'ண்டு, இது பீங்கான் கோப்பை மாதிரிக் கணீரெண்டு. எலும்போட ஒட்டிட்டு, இனி வராதெண்டார்.

பிறகு அதக் கிண்டி எடுத்து, குழியில எலும்புத் தூள் வச்சு, அது ஆற மாசக்கணக்காக் காத்திருந்து, அதுக்குப் பிறகுதான் இம்பிளான்ட். நடுவுல ஒரு வருசத்துக்கு மேல ஓட்டையோட திரிஞ்சேன். மகள்ட ஸ்கூல் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போய் வாயத் திறக்காம வந்திருக்கேன்.

டொக்டர நான் குறை சொல்லல. ஒட்டியிருக்கிறது முன்னுக்கே எல்லாருக்கும் தெரியிற விசயமில்லயாம். என்ட பிழை, "அசையாட்டி என்ன செய்வீங்க"ண்டு முதல் நாள் கேக்கல. நீங்க கேளுங்க. எத்தன மாசம் பாப்பீங்க, அதுக்குப் பிறகு என்ன, அதுக்கு எவ்வளவு முடியும், மூண்டையும் ஒரு தாள்ல எழுதி வாங்குங்க.

பல் டொக்டர் (அரச சேவை):

மூவரும் சொல்வது சரி. அவசரக்காரத் தம்பி உட்பட, அவர் சொல்வதும் சிலருக்குப் பொருந்தும். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் இப்படிச் செய்யுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஞானப்பற்களுக்கு அடுத்தபடியாக அதிகம் புதையும் பல் மேல் வேட்டைப்பல்தான். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இருக்கும், பெண்களுக்குக் கூடுதல். மூக்கின் ஓரமாக மிக உயரத்தில் உருவாகி, நீண்ட தூரம் இறங்கி, 11, 12 வயதளவில் வெளியே வரவேண்டிய பல் அது. பக்கத்து வெட்டும்பல்லின் வேரைப் பிடித்துக்கொண்டு வழி தேடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெட்டும்பல் சிறுத்தோ இல்லாமலோ இருந்தால் வழி தவற வாய்ப்பு அதிகம். கண்ணாடியில் உங்களுடையதைப் பாருங்கள், மற்றப் பக்கத்ததை விட ஒடுங்கியிருக்கலாம்.

வயது கூடக் கூட இறங்கிவரும் வாய்ப்புக் குறையும், எடுக்கும் காலம் நீளும். 34இல் நடக்கும், 14இல் போல நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. தங்கச் சங்கிலி என்றதும் பெரிய இழுவை என்று நினைப்பார்கள். 60 கிராமுக்குள்தான், ஒரு கோழி முட்டையின் நிறை. வேகமாக வரட்டும் என்று கூட்டி இழுத்தால் பல் வராது, சேதந்தான் வரும்.

இம்பிளான்ட்டும் சும்மா நட்டுவிடும் தூண் இல்லை. புதைந்த பல் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தால் முதலில் அதை எடுக்கவேண்டும், எடுத்தால் எலும்பில் பள்ளம். வாயைப் பக்கவாட்டில் அசைக்கும்போது பாரத்தைத் தாங்குவதும் வேட்டைப்பல்தான். அதன் வேர் வாயிலேயே நீளமானது. சொந்தப் பல் வருமென்றால் வரவிடுவோம் என்று ஓதோ டொக்டர்கள் நினைப்பது அதனால்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஒன்றும் செய்யாமல், இடைக்கிடை எக்ஸ்ரே எடுத்துக் கண்காணிப்பதும் ஒரு வழிதான். நீர்க்கட்டி வருகிறதா, பக்கத்து வேர் கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உங்கள் பாற்பல் ஆடத் தொடங்கிவிட்டது, எப்படியும் ஒரு நாள் அந்த இடத்துக்கு ஒன்று தேவைப்படும்.

தட்டை எக்ஸ்ரேயை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சீபீசீடி ஸ்கேன் ஒன்று எடுங்கள், அந்தப் பகுதிக்கு மட்டும் எடுத்தால் போதும். அதன் பிறகு இரண்டு டொக்டர்களையும் ஒரே படத்தைப் பார்க்க வையுங்கள். தனியாரில் செலவு தாங்காவிட்டால் வார்ட் பிளேஸில் இருக்கும் பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். கம்பிப் பிரிவும் சத்திரசிகிச்சைப் பிரிவும் அங்கேயே இருக்கின்றன. பொறுமை வேண்டும்.

பாற்பல்லை வாற கிழமையே எடுக்கவேண்டாம். அது உங்கள் கையில் இருக்கும் இடம்பிடிச் சீட்டு.

இன்னொன்று, உங்கள் வீட்டில் ஒன்பது பத்து வயதில் பிள்ளைகள் இருந்தால் மேல் வேட்டைப்பல் இடத்துப் பாற்பல்லுக்கு மேலே முரசில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு புடைப்புத் தட்டுப்படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படாவிட்டால் காட்டுங்கள். அந்த வயதில் பாற்பல்லை மட்டும் எடுத்துவிட்டாலே பல தடவை பெரிய பல் தானாக வழிக்கு வந்துவிடும். உங்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறு, குழம்பாதீர்கள், அது பிள்ளைகளுக்கு.

வெள்ளவத்தைக்காரி (மூண்டு கிழமைக்குப் பிறகு):

எல்லாருக்கும் நன்றி. கேட்டுப்போட்டுக் காணாமப் போற ஆள் நான் இல்லை, ஸ்கேனுக்கு நாள் கிடைக்கப் பிந்தீட்டுது.

டொக்டர் சொன்னது சரி, என்ர அந்தப் பக்கத்து வெட்டும்பல் மற்றதை விட ஒடுங்கல்தான். 34 வருசம் கண்ணாடி பாத்தும் கவனிக்கேல்லை. ஸ்கேனில புதைஞ்ச பல்லின்ர நுனி அந்தப் பல்லின்ர வேரோட முட்டிக்கொண்டு நிக்குது, வேர் ஒரு இடத்தில கொஞ்சம் அரிச்சிருக்கு. அதைப் பாத்த பிறகு "தன்ர பாட்டுக்குக் கிடக்கட்டும்" எண்ட அம்மாவும் கதையை நிப்பாட்டீட்டா. பல்லைச் சுத்தி எலும்புக்கும் வேருக்கும் இடையில மெல்லிய கறுப்புக் கோடு தெரியுதாம், அது நல்ல சகுனம், ஆனா ஒட்டேல்லை எண்டு அதை வைச்சுச் சத்தியம் பண்ண ஏலாதாம்.

தெஹிவளை நானா சொன்ன மூண்டு கேள்வியையும் தாளில எழுதிக்கொண்டு போய் ஓதோ டொக்டருக்கு முன்னால வைச்சன். அவர் வாசிச்சுப்போட்டு, "இதை ஆர் சொல்லித் தந்தது?" எண்டார். பிறகு திட்டத்தையே மாத்தினார். இப்ப கிளிப் இல்லை. அண்ணத்து எலும்பில ஒரு சின்ன டைட்டேனியம் ஸ்க்ரூ, ஒப்பரேசன் செய்து சங்கிலி கட்டி, அந்த ஸ்க்ரூவில இருந்து இழுக்கிறது. மற்றப் பல்லுகளைத் தொடுறேல்லை. நுனியை வேரில இருந்து முதல்ல விலத்தி, பிறகுதான் கீழ இறக்கிறதாம். ஆறு மாசம் பாப்பம், அசைஞ்சா கிளிப் போட்டுத் தொடருவம், அசையாட்டி நிப்பாட்டி மற்ற டொக்டரிட்டைப் போறது. பாற்பல் அதுவரைக்கும் இருக்கும். சத்திரசிகிச்சை டொக்டரும் ஸ்கேனைப் பாத்திட்டு, "சரி, அவருக்கு ஆறு மாசம் குடுப்பம்" எண்டார், ஏதோ எனக்கில்லை, அவருக்குத்தான் தவணை குடுக்கிற மாதிரி.

காசு நாலு தவணையில. முதலாவது கட்டியாச்சு.

அக்கான்ர மகளுக்குப் பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமை வந்தவளைப் பிடிச்சு வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் தடவினன். ரெண்டு பக்கமும் புடைப்பு இருக்கு. கடிச்சுப்போட்டாள், அது வேற.

ஒப்பரேசன் வாற வியாழன் பின்னேரம். கொட்டாஞ்சேனை அக்கா, அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் கேக்கும்? காதில பாட்டுப் போட விடுவினமோ?

கொட்டாஞ்சேனை அக்கா:

பத்து நிமிசம் இருக்கும். பாட்டு கேட்டுப் பாருங்க, எனக்கு விட்டாங்க. ஆனா சத்தம் காது வழியா வர்றதில்ல தங்கச்சி, எலும்பு வழியா வருது. பாட்டுக்கும் மேல கேக்கும். வியாழன் ராத்திரிக்குத் தண்ணிச் சொதி இப்பவே சொல்லி வைங்க, ஆற வச்சுக் குடிங்க, சுடச்சுட வேணாம்.