பெரா ரிசல்ட்டைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். குழந்தைக்கு இரண்டு காதுமே கேட்கவில்லை என்று பெரா டெஸ்டில் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) தெரிந்தபிறகு பெற்றோரிடம் பேசுவது எப்படி? ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) பார்க்கச் சொல்லித்தந்த அளவுக்குப் படிப்பில் இதைச் சொல்லித்தரவில்லை.

அம்மா "கதவைச் சாத்தினா திரும்பிப் பார்க்கிறானே" என்பார் (அதிர்வுக்குத் திரும்பியிருப்பான்), பாட்டியோ "இவன் அப்பனே நாலு வயசுலதான் பேசுனான்" என்று பேச்சையே முடித்துவிடுவார். நமக்கோ அவசரம். குழந்தைக்கு ஆறு மாதம் முடிவதற்குள் காது கேட்கும் கருவி மாட்ட வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை) செய்ய ஆறு வயது வரம்பு வேறு. ஆனால் அழுகிற அம்மாவிடம் டெசிபல் கணக்கு சொன்னால் எதுவும் காதில் ஏறாது. "மாத்திரையில சரியாகாதா?" என்று அவர் மூன்றாவது முறை கேட்கும்போது அது தகவலுக்கான கேள்வியே இல்லை, அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இவைதான். ரிசல்ட் சொன்ன அன்றே கருவி பற்றியும் பேசிவிடுகிறீர்களா? மூன்று பஸ் மாறி வருகிறவர்களை இன்னொரு நாள் வரச்சொல்ல மனசு வரவில்லை. அப்புறம், சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் "அதனாலதானா?" என்று கேட்டால், மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது, பழி மருமகள் தலையில் விழாமல் என்ன சொல்கிறீர்கள்? மரபணுக் காரணத்தை மறைக்கவும் முடியாதே. நீங்கள் பேசுகிற வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். தமிழில் கவுன்சலிங் பயிற்சி எங்காவது நடந்தாலும் சொல்லுங்கள்.