பென்டாஹோவில் பழைய மாவட்ட விவரத்தைக் காப்பது எப்படி?

கேள்வி (கிருஷ்ணகிரி): மாங்கூழ் ஆலைக்குக் காய் தரும் விவசாயிகளின் பட்டியலை பென்டாஹோ என்ற தரவு ஏற்றும் மென்பொருள் வழியாகத் தரவுக் கிடங்கில் ஏற்றுகிறேன். 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் அதற்கு முந்தைய கொள்முதலும் அறிக்கையில் கிருஷ்ணகிரிக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறது. பழைய மாவட்டம் அழியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் (தருமபுரி): 'டைமென்ஷன் லுக்அப்/அப்டேட்' என்ற படியில் மாவட்டப் புலத்துக்கு 'இன்சர்ட்' என்று கொடுங்கள், மதிப்பு மாறும்போது பழைய பதிவு முடிவுத் தேதியுடன் நின்றுவிட, புதிய பதிப்பு தனிப் பதிவாகச் சேரும். கைபேசி எண்ணுக்கு வரலாறு எதற்கு? அதற்கு 'பஞ்ச் த்ரூ' போதும், எல்லாப் பதிப்புகளையும் திருத்திவிடும்.

பதில் (ஓசூர்): ஐயா சொன்னது சரி. ஆனால் மாற்றத்தின் தேதியைக் குறிக்கும் 'ஸ்ட்ரீம் டேட்ஃபீல்ட்' காலியாக இருந்தால் ஏற்றும் நாளே மாற்றம் நடந்த நாளாகப் பதிவாகும் என்பதால், பழைய விவரத்தை முதலில் ஏற்றிவிட்டு, புதியதை 09.02.2004 என்ற தேதியுடன் அனுப்புங்கள். கொள்முதல் அட்டவணையில் விவசாயி எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக அமையும் எண்ணான 'டெக்னிக்கல் கீ'யைச் சேமியுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.