ஓசூர் குடியிருப்பில் ஹாலோவீன்: சின்னதுகள் பயப்படாமல், சேர்ந்த காசும் கரையாமல் நடத்த வழி சொல்லுங்கள்

மூணாவதுமாடி_ஓசூர் கேட்டது:

வணக்கம். ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம் 96 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால், அக்டோபர் 31-ல் பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. போன வருஷம் முதல்முறையாக நாங்களே நடத்தினோம். சிறப்புக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு நிதி திரட்டுவதுதான் நோக்கம்.

இரண்டு விஷயம் இன்னும் உறுத்துகிறது. பார்க்கிங்கில் லைட்டை அணைத்து 'பேய் வீடு' அமைத்திருந்தோம். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பெரிய பையன் ஒருவன் முகமூடியோடு குதித்ததில் நாலு வயதுப் பெண் குழந்தை அலறிவிட்டாள். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அவள் அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது பணம். வசூல் 23,500 ரூபாய். லைட்டு, ஸ்பீக்கர் வாடகை, ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூடு எல்லாம் போகப் பள்ளிக்குக் கொடுத்தது 5,200. அந்தக் கவரை நீட்டும்போது கை கூசியது.

2024-ல் தீபாவளியும் அக்டோபர் 31-லேயே வந்தது. 2026-ல் அந்தச் சிக்கல் இல்லை. 31 சனிக்கிழமை, தீபாவளி நவம்பர் 8. பெரியவர்கள் மட்டும் "பேய்க்கு எதுக்கும்மா பண்டிகை" என்று கீழே இறங்கவே மறுக்கிறார்கள். என் மாமியாரும் அதில் ஒருவர். அவர்களும் வர வேண்டும் என்று ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:

மேடம், எங்கள் ஊரில் மாசி மாதம் சிவராத்திரி முடிந்ததும் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா. காளி வேஷம் கட்டித் தெருவில் ஆடி வருவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் பயந்ததாக நினைவே இல்லை. ஏனென்றால் வேஷம் கட்டுகிறவர் எதிர்வீட்டு அண்ணன். அவர் திண்ணையில் உட்கார்ந்து முகத்துக்குச் சாயம் பூசும்போதே நாங்கள் சுற்றி நின்றுகொண்டிருப்போம். தெருக்கூத்திலும் அதே கதைதான். துரியோதனனுக்குக் கிரீடம் கட்டுவதைப் பார்க்க வரும் பிள்ளைகளை விரட்டவே ஒரு ஆள் வேண்டும்.

அதனால் முகமூடியை விட்டுவிடுங்கள். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பாய் விரித்து, எல்லார் கண் முன்னாலும் வண்ணம் பூசுங்கள். சின்னதுகள் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து அப்பாவுக்கு மீசை வரையச் சொல்லுங்கள். தான் வரைந்த பேயைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அழாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அங்காளம்மன் வேஷத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். எங்கள் பக்கம் விரதம் இருந்து, வேண்டுதலுக்காகக் கட்டுகிற வேஷம் அது.

தருமபுரி_டு_டப்ளின்:

அக்கா, நான் தருமபுரிக்காரி, இங்கே அயர்லாந்தில் நர்ஸ். ஹாலோவீனுக்கு வேர் இந்த ஊர்தான். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற சமயத்தில் கொண்டாடிய 'சவின்' என்ற பழைய பண்டிகை அது. அந்த நாளில் இறந்தவர்கள் நம் பக்கம் வருவார்கள் என்பது நம்பிக்கை. நம் வீட்டில் அமாவாசைக்குப் படைக்கிறோமே, அதைச் சொல்லிப் பாருங்கள், பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். பூசணிக்காயில் முகம் வெட்டி விளக்கு வைப்பதுகூட இந்தப் பண்டிகை அமெரிக்கா போன பிறகு வந்ததுதான். இங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள்.

நிதிக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1950-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிள்ளைகள் காலி பால் அட்டைப்பெட்டியை அலங்கரித்து, வீடு வீடாகப் போய், ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃபுக்குச் சில்லறை சேர்த்தார்கள். நீங்களும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒட்டிய உண்டியல் ஒன்று கொடுங்கள். விருப்பம் உள்ள வீடுகள் கதவில் ஒரு முழம் சாமந்தி கட்டட்டும். பூ இல்லாத வீட்டைப் பிள்ளைகள் தட்டக் கூடாது. பிடிக்காதவர்களுக்கும் நிம்மதி.

பூசணிக்குள் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டவே வேண்டாம். தொங்குகிற நைலான் துணி ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும், உருகித் தோலோடு ஒட்டும். பேட்டரி விளக்கு வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி_டீச்சர்:

நான் சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஸ்பீக்கரும் மினுக்கு லைட்டும் எங்கள் பிள்ளைகள் சிலருக்குத் தாங்காது. ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு மினுக்கு வெளிச்சமே ஆபத்து. முதல் ஒரு மணி நேரம் பாட்டு இல்லாமல், சாதாரண வெளிச்சத்தில் நடத்தினால் எங்கள் பிள்ளைகளும் வரலாம், உங்கள் நாலு வயதுக்காரியும் வரலாம்.

வந்தால் அவர்களை விருந்தாளியாக மட்டும் நடத்துங்கள். மேடையில் நிற்க வைத்துக் காசோலையோடு போட்டோ எடுக்காதீர்கள். போன வாரம் ஒரு பையன் என்னிடம், "மிஸ், இன்னைக்கும் போட்டோவா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பணத்துக்கு முன்னால் பள்ளிக்கு ஒரு போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். நடைபயிற்சிக் கம்பியா, சக்கர நாற்காலியா, வேன் டீசலா என்று அவர்களே சொல்வார்கள். 'ஒரு நாற்காலிக்காகச் சேர்க்கிறோம்' என்று போர்டு வைத்தால் கொடுக்கிறவருக்கும் அது கண்ணில் நிற்கும். கியூஆர் கோடு பள்ளியின் கணக்குக்கே போகட்டும். அலங்காரச் செலவை முன்கூட்டியே தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்டியல் காசில் ஒரு ரூபாய்கூடத் தொடாதீர்கள்.

மூணாவதுமாடி_ஓசூர்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்தப் பையன் கேட்டதைப் படித்துவிட்டு நேற்று கமிட்டி வாட்ஸ்அப்பில் முதல் வேலையாக 'போட்டோ இல்லை' என்று போட்டுவிட்டேன். பேய் வீடும் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. பள்ளிக்கும் பேசினேன். கேட்டது இரண்டு நடைபயிற்சி வாக்கர்.

காவேரிப்பட்டணத்து அண்ணா, அங்காளம்மன் விஷயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

மாமியாரிடம் முகம் வெட்டிய பூசணி படத்தைக் காட்டினேன். "புது வீட்டு வாசல்ல மீசை வரைஞ்சு தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டிப் பூசணிதானே இது" என்றார். அமாவாசைப் படையலைச் சொன்னதும் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார். உண்டியலைப் பிரித்து எண்ணுகிற மேஜை இப்போது அவர் பொறுப்பில். கூட இரண்டு பாட்டிகளையும் சேர்த்துவிட்டார். குடைந்தெடுத்த பூசணிச் சதையில் அல்வா கிண்டி, கிண்ணம் 30 ரூபாய்க்கு விற்கலாம் என்பதும் அவர் யோசனையே.

இன்னும் ஒன்று. இரண்டு கிலோவுக்குள் சின்ன மஞ்சள் பூசணி 40 வேண்டும். ராயக்கோட்டை பக்கம் தோட்டத்திலேயே நேராகக் கொடுப்பவர்கள் யாராவது தெரியுமா?