தீராத வலிக்கான நியூரோமாடுலேஷன்: நியூரோசர்ஜரி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா?

பாம்பன்காரன்:
நியூரோசர்ஜரி எம்.சிஎச். கடைசி வருஷம் படிக்கிறேன். நியூரோமாடுலேஷனை, அதாவது வலியை அடக்க முதுகுத்தண்டில் லேசான மின்சாரம் கொடுக்கும் ஸ்டிமுலேட்டர் கருவியை வைக்கும் வேலையையே முழுநேரமாகச் செய்ய ஆசை. "மூளைக் கட்டி எடுக்கப் படித்துவிட்டு பேட்டரி வைக்கப் போகிறாயா?" என்கிறார்கள் கூடப் படிக்கிறவர்கள். எங்கள் தெருவில் வலை இழுத்தே இடுப்பு போனவர்கள் நிறைய. டிஸ்க் ஆபரேஷன் முடிந்தும் காலில் எரிச்சல் நிற்காமல், கடலுக்குப் போக முடியாமல் கரையில் இருப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை டாக்டர்:
தாராளமாக வாங்க தம்பி. இந்தச் சிகிச்சை நம் துறையில் பிறந்தது. வலிச் செய்தியை மறிக்கும் கதவு ஒன்று தண்டுவடத்திலேயே இருக்கிறது என்று ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் எழுதினார்கள். 1967இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க நியூரோசர்ஜன், புற்றுநோய் வலியில் இருந்த ஒருவருக்கு முதல் கருவியை வைத்தார்.

ஆபரேஷன் சின்னதுதான். யாருக்கு வைப்பது என்ற முடிவுதான் கஷ்டம். முதலில் தண்டுவட உறைக்கு வெளியே இருக்கும் எபிடியூரல் இடைவெளியில் லீடை (மின்சாரம் கொண்டுபோகும் மெல்லிய கம்பியை) மட்டும் நுழைத்து, பேட்டரியை உடம்புக்கு வெளியே வைத்து ஒரு வாரம் போலப் பார்ப்போம். வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. லீடை நகர்த்தும்போது நோயாளி விழித்திருப்பார். "இப்ப எங்கண்ணே சுர்ருங்குது?" "தொடையில." கொஞ்சம் நகர்த்துவேன். "ஆங், பெருவிரல் வரைக்கும் வந்துருச்சு." எரிகிற இடம் முழுவதும் அந்தச் சுர்ர் பரவ வேண்டும்.

தோலுக்கடியில் பேட்டரி வைக்கும் இடத்தை முடிவுசெய்யும் முன், கைலியை எங்கே கட்டுகிறார், வலை இழுக்கும்போது படகு விளிம்பில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கேளுங்கள். முதல் சில வாரங்கள் குனியவோ பாரம் தூக்கவோ கூடாது, லீடு நகர்ந்துவிடும். அதனால் விசைப்படகுக்காரர்களுக்கு, ஏப்ரல் 15இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் தேதி கொடுப்பேன்.

கருவி பல லட்சம். காசில்லாமல் திரும்பிப் போனவர்களின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நீங்கள் வந்தால் அதற்காகவும் சண்டை போடுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
என் வீட்டுக்காரருக்குச் சோதனை வாரத்திலேயே சரிவரவில்லை. "குறையலைன்னா வைக்க மாட்டேம்மா" என்று டாக்டர் லீடை எடுத்துவிட்டார். அப்போது ஆத்திரமாக வந்தது. எங்களைக் கடனில் விழாமல் காப்பாற்றியவர் அவர்தான். அப்படிப்பட்ட டாக்டராக வாங்க தம்பி.

ஏர்வாடித் தம்பி:
டாக்டர், எங்க அண்ணன் சங்கு குளிக்கிறவர். கருவி வைத்தபின் கடலில் இறங்கலாமா?

கீழக்கரை டாக்டர்:
காயம் ஆறியபின் நீந்தலாம். ஆழம்தான் சிக்கல். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சில கருவிகளுக்கு அதுவே எல்லை, நம் கணக்கில் ஐந்தரைப் பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). கருவிக்குக் கருவி இது மாறும். அண்ணன் எத்தனை பாகம் இறங்குகிறவர் என்று கேட்டு எழுதுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அவருடைய டாக்டருக்கும் அது தெரிய வேண்டும்.