மாடல் 66 எவர்சில்வர் ரிவால்வர்: வாங்கும்முன் எதைப் பார்ப்பது?

சாட்ஸ்வொர்த்காரன்:
வணக்கம். டர்பன் கடை ஒன்றில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 66 விற்பனைக்கு வந்திருக்கிறது. .357 மேக்னம், 4 அங்குலக் குழல். சிலிண்டரைத் திறந்தால் உள்பக்கம் 66-1 என்ற முத்திரை. வெளியே முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு. அதே கடையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் இன்னொரு .357 ரிவால்வரான 686 ஒன்றும் இருக்கிறது, அதில் 'எம்' முத்திரை இல்லை. சேகரிப்புக்குத்தான் கேட்கிறேன், எப்போதாவது ரேஞ்சில் ஐம்பது தோட்டா சுடலாம், அவ்வளவே. இரண்டில் எதை எடுக்கலாம்? கடையில் நின்றபடியே என்னென்ன சோதிக்க முடியும்? லைசென்ஸ் எந்தப் பிரிவில் போடுவது?

ஆறறை:
அந்தப் பளபளப்புதான் இடிக்கிறது, தம்பி. 66 தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மங்கலான சாட்டின் மெருகோடுதான் வந்தது. யாரோ பஃபிங் சக்கரத்தில் கொடுத்து எவர்சில்வர் குடம் மாதிரி தேய்த்திருக்கிறார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மூன்று இடம் பாருங்கள். குழலில் உள்ள எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா? திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருக்கிறதா? வலப்பக்க மூடித் தகடும் சட்டமும் சேரும் கோடு பளிச்சென்று தெரிகிறதா? தொடாத துப்பாக்கியில் அந்தக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கீறலோடு இருந்தாலும் தொழிற்சாலை மெருகு மெருகுதான். பஃப் போட்டதைப் பழையபடி ஆக்க முடியாது, அதில் போன உலோகம் போனதுதான்.

மற்றபடி 66-1 நல்ல காலத்துச் சரக்கு. 1965-ல் மாடல் 60 முதல் எவர்சில்வர் ரிவால்வராக வந்தது. அதன் பிறகு, மாடல் 19-இன் எவர்சில்வர் வடிவமாக 66 வந்தது. 1977-இல் வாயு வளையத்தை யோக்கிலிருந்து (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) சிலிண்டருக்கு மாற்றியதால் எண் 66-1 ஆனது. 1982-இல் 66-2 வரும்போது குழலைப் பிடிக்கும் குறுக்கு ஊசியும், தோட்டாவின் விளிம்பு உள்ளே அமிழும் அறைகளும் நின்றுபோயின. சேகரிப்பவர்கள் தேடுவது இந்த இரண்டையும்தான். கோடு-எண் (66-1-இல் வரும் '-1' போன்றது) இல்லாத ஆரம்ப 66-இல், குறிபார்க்கும் பின்பாகமும் எவர்சில்வரிலேயே இருந்தால் இன்னும் மேல். பெட்டி, காகிதம், குறியைத் திருப்பும் சிறிய ஸ்க்ரூட்ரைவர் எல்லாம் சேர்ந்திருந்தால் விலை பேசும்போது வாயைத் திறக்காதீர்கள். எப்போது தொழிற்சாலையை விட்டுப் போனது என்று தெரிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளை கட்டணத்துக்குக் கடிதம் தரும்.

சாணைக்கல்:
மெருகை விடுங்கள், இயந்திரத்தைப் பார்ப்போம். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

சுத்தியலை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, மற்றக் கைக் கட்டைவிரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் பின்னால் மாட்டுவதற்கு முன்பே சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிவிட வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒன்று மட்டும் பிந்துவது சகஜம். பிந்தினால் சிலிண்டரைத் தள்ளும் கொக்கி தேய்ந்திருக்கிறது. மாட்டிய சுத்தியலை முன்னோக்கி லேசாகத் தள்ளிப் பாருங்கள். விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள், அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கொண்டுபோங்கள். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, குழலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை சரி, 0.15 அருமை. பிறகு முன்னுக்குத் தள்ளி அளங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 0.05-க்கு மேல் போனால் சிலிண்டர் முன்பின் ஆடுகிறது என்று பொருள். ஷிம் என்ற மெல்லிய வளையம் வைத்துச் சரிசெய்யலாம், விலையில் குறைத்துக் கேளுங்கள்.

66-இல் மிக முக்கியமானது குழலின் பின்வாய். யோக்குக்கு இடம் விட அதன் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், மெல்லிய இடம் அதுதான். 125 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வேகமான மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டவற்றில் அங்கே விரிசல் விழும். சிலிண்டரைத் திறந்து, ஈயக் கரியைத் துடைத்து, டார்ச்சும் லென்ஸும் வைத்துப் பாருங்கள். பழைய குழல்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதற்கு நேர் மேலே மேல்பட்டையில் நெருப்பு அரித்த மெல்லிய கோடு இருந்தால் பயப்பட வேண்டாம், அது கொஞ்சம் ஆழத்தில் தானே நின்றுவிடும்.

பிடியின் முன்பக்கம் கீழே உள்ள ஸ்ப்ரிங் திருகு முழுதும் இறுகியிருக்க வேண்டும். விசை லேசாக வரட்டும் என்று தளர்த்தி வைப்பார்கள், பிறகு தோட்டா வெடிக்கவில்லை என்று புலம்புவார்கள்.

மேரிட்ஸ்பர்க்:
686 பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் கோடு-எண் என்ன? 'எம்' கணக்கு, எண் இல்லாததற்கும் 686-1-க்கும் மட்டும். 1987 ஆகஸ்டுக்கு முன் செய்தவற்றில் ப்ரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) உலோகம், அதைக் குத்தும் சுத்தியல் மூக்கின் துளைக்குள் வழிந்து சிலிண்டர் இறுகிப்போகும் கோளாறு இருந்தது. தொழிற்சாலை மூக்கையும் அந்தத் துளையின் புஷ்ஷையும் மாற்றிவிட்டு 'எம்' அடித்தது. 686-2 முதல் அந்தப் பிரச்சினை இல்லை. சுடுவதற்கு என்றால் என் ஓட்டு 686-க்குத்தான். 686-இன் பெரிய எல் சட்டத்தில் (ஃப்ரேம்) குழலின் பின்வாய் தடிப்பு. 66-ஐயே எடுத்தால் ரேஞ்சில் அதிலேயே சுடக்கூடிய, வேகம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா போடுங்கள், மேக்னம் ஆசை வந்தால் 158 கிரெய்ன்.

லைசென்ஸ்: முதலில் தகுதிச் சான்றிதழ். சேகரிப்பு என்றால் நம் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் (2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண்) 17-ஆம் பிரிவு. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும், அந்தத் துப்பாக்கி சேகரிக்கத் தக்கது என்று சங்கமும் ஏற்க வேண்டும். "அழகாக இருக்கிறது" என்று எழுதினால் போதாது. மேலே சொன்ன எண் மாற்றங்களையே காரணமாக எழுதுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, முடிவதற்கு 90 நாள் முன்பே விண்ணப்பம். லைசென்ஸ் கைக்கு வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும்.

சாட்ஸ்வொர்த்காரன்:
நன்றி அண்ணன்மாரே. 686-இல் வெறும் 686 என்றுதான் இருக்கிறது. 66-இல் பிடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், உள்ளே பழுப்புப் புள்ளிகள். எவர்சில்வர் துருப்பிடிக்குமா?

சாணைக்கல்:
பிடிக்கும், மெதுவாக. நம் கடற்கரையில் ரப்பர் பிடிக்குள் வியர்வையும் உப்பும் தங்கினால் நிச்சயம். ஸ்ப்ரிங் வேறு சாதாரண எஃகு. நைலான் பிரஷ்ஷும் எண்ணெயும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். புள்ளி போய் வழவழப்பாக இருந்தால் கறை, நகம் மாட்டினால் குழி. இரும்புக் கம்பளி வேண்டாம், அதன் துகள் பதிந்து அதுவே துருப்பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்துப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள், சிலிக்கா ஜெல்லை மாதம் ஒருமுறை அடுப்பில் காயவையுங்கள்.

மூடித் தகட்டைக் கழற்றினால் நெம்பவே கூடாது. திருகுகளை எடுத்துவிட்டுப் பிடிச் சட்டத்தை மரச்சுத்தியலால் தட்டினால் தானே எழும். முன்திருகு யோக்கைப் பிடிப்பது, மற்றவற்றோடு கலக்காதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் கம்பிக்கு இடப்புரி. இறுக்கும்போது அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே உள்ள சிறு ஊசிகள் முறியும்.